ஒரு வாய் பினோ நேரோ

போன செவ்வாய்க்கிழமை இங்கே சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பிரான்காச்சோப் பக்கம் போகிற பஸ்ஸில் சிவஞானம் அண்ணர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவராக வந்து உட்காருகிற ஆள் இல்லை. தூரத்தில் நின்று தலையை ஒருதரம் ஆட்டுவார். அதோடு சரி.

அன்றைக்கு உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்:

"தங்கச்சி, நீர் பேப்பரில ஊருலகத்துக் கதையெல்லாம் எழுதுறீர். எங்கட வைன் கதையையும் எழுதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்த கதை அது. அவருடைய மனைவி, புவனேஸ்வரி அக்கா, என்ன சொல்லுவா என்று கேட்டேன். எழுதச் சொன்னதே அவதான் என்றார். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். மாற்றினாலும் பலெர்மோவில் இருக்கிற தமிழருக்கெல்லாம் யார் என்று விளங்கும், விருப்பம்போல் செய்யும் என்று சொல்லிவிட்டு அடுத்த தரிப்பில் இறங்கிப் போய்விட்டார்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

என்னோடு ஒரே கட்டடத்தில் இருப்பவள் பிலோமினா. மன்னார்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். நான் யாழ்ப்பாணம், சைவம். அவள் நாலாம் மாடி, நான் இரண்டாம் மாடி. லிஃப்ட்? இருக்கிறது... ஓடுவதில்லை. அவளுடைய புருசன் கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. சின்னப் பிள்ளையாக இருந்த மகள் ஜெசிந்தாவைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, சிஞ்ஞோரா ஹில்டே என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இந்த சிஞ்ஞோராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவர் சிசிலிக்காரி இல்லை. இத்தாலியின் வடக்கு எல்லையில், பனி மூடிய மலைகளுக்கு நடுவே பிறந்தவர். அங்கே வீட்டு மொழியே ஜெர்மன். பலெர்மோ வழக்கறிஞர் ஒருவரைக் கல்யாணம் கட்டி வந்து, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஜெசிந்தா நேரே அந்த வீட்டுக் குசினிக்குத்தான் போவாள். அந்த மேசையில்தான் அவளுடைய வீட்டுப்பாடம், அந்த மேசையில்தான் அவளுடைய சாப்பாடு. பிலோமினாவுக்கு ஜெசிந்தா ஒரே மகள். சிஞ்ஞோராவுக்கும்தான்.

ஜெசிந்தா வளர்ந்தாள். ஒரு கோடைக்கு மொண்டெல்லோவில் கடற்கரை ரெஸ்டாரண்ட் ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே குசினியில் வேலை செய்த பையன் குகன். மீதியை நான் எழுதவேண்டுமா?

குகனின் அப்பாதான் சிவஞானம் அண்ணர். பெரிய மாடிவீடு ஒன்றில் வாசல் காவல், படி கழுவுதல் எல்லாம் அவர்தான். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை ஒருநாளும் பார்க்கமுடியாது. மீன், இறைச்சி சாப்பிடுவார். ஆனால் சிகரெட் இல்லை, வெற்றிலை இல்லை, குடி இல்லவே இல்லை. குடிக்கிற விருந்து என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவார். எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல அவரைத்தான் காட்டுவார்கள். மனைவி புவனேஸ்வரி அக்கா மெல்லிய குரலில் கதைப்பவர். கோயில் மடப்பள்ளியில் பொங்கல் என்றால் அவருடைய கைதான்.

சம்பந்தப் பேச்சு எடுத்தபோது சிவஞானம் அண்ணர், வேதக்காரர் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். பலெர்மோவில் தமிழர் வாயிலிருந்து விழுகிற சொல் நிலத்தில் விழாது. அது நேரே பிலோமினாவின் காதில் விழுந்தது. பிறகு குகன் பிடிவாதம் பிடித்து, கோயிலிலும் தாலி, சேர்ச்சிலும் மோதிரம் என்று முடிவாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க வருவது என்று ஒழுங்கானது. ஆனால் பிலோமினாவின் நெஞ்சில் அந்தச் சொல் முள்ளாகவே கிடந்தது.

இதற்குள் சிஞ்ஞோரா ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர்கள் வீட்டு வழக்கப்படி பெண்ணைப் பேசி முடிக்கிற அன்று, பெண்ணின் தகப்பன் தங்கள் தோட்டத்து வைனைத் திறப்பார். மாப்பிள்ளையின் தகப்பன் முதல் வாய் குடிப்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கிளாஸைத் தொடலாம். அதோடு பேச்சு முடிந்தது — இனி மாற்றமில்லை. ஜெசிந்தாவுக்குத் தகப்பன் இல்லை. ஆகவே அந்த வைனை நான் கொண்டுவருகிறேன் என்றார்.

அந்த வைன் அவருடைய அண்ணனின் தோட்டத்து வைன். அண்ணன் அந்த வருடம்தான் இறந்துபோயிருந்தார். அவர் கையால் கடைசியாகச் செய்தது. எப்படி வேண்டாம் என்பது?

வைன் என்றால் எல்லாம் ஒரே சாமான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு, வெள்ளை... அவ்வளவுதானே? விருந்துக்கு முன்னால் ஒருநாள் சிஞ்ஞோரா ஒரு போத்தலோடு பிலோமினாவின் குசினிக்கு வந்து பாடம் எடுத்தார். சிசிலியின் சிவப்பு வைன் வெயிலில் பழுத்தது — கறுப்பாக, கனமாக, நாக்கில் துவர்த்துக்கொண்டு நிற்கும். இது குளிரில் மெதுவாகப் பழுத்த திராட்சை. பினோ நேரோ என்று பெயர். தோல் மெல்லியது, அதனால் நிறமும் மெல்லியது. கிளாஸில் ஊற்றினால் மாதுளம்பழச் சாறு மாதிரி மறுபக்கம் தெரியும். துவர்ப்புக் குறைவு, புளிப்பு அதிகம். சிவப்பு வைனாக இருந்தாலும் இதைக் கொஞ்சம் குளிர வைத்துத்தான் குடிக்கவேண்டும்.

எதோடு சாப்பிடுவது? அவர்கள் ஊரில் புகை போட்ட பன்றி இறைச்சி, காட்டுக் காளான், வாட்டிய வாத்து, மலைப் பசுவின் சீஸ். மீனென்றால் சூரை மாதிரிச் சதைப்பிடிப்பான மீன். அதிக உறைப்போடு மட்டும் ஒத்துவராது. உறைப்பின்மேல் வைன் பட்டால் இரண்டும் சேர்ந்து வாயை எரித்துவிடும்.

பிலோமினா ஒரு கரண்டி ஆட்டிறைச்சிக் கறியை நீட்டினாள். சிஞ்ஞோரா வாயில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இதோடு என் அண்ணனின் வைனா என்று என்னிடம் இத்தாலிய மொழியில் கேட்டார். எங்கள் பெரியவர்களின் இத்தாலிய மொழி வேலைக்கு மட்டும்தான் காணும், மீதிக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. இதை அப்படியே தமிழாக்கவில்லை.

கடைசியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சூரையை மிளகாய்த்தூள் இல்லாமல் மிளகு பூசிப் பொரிப்பது. காளான் பிரட்டல். கத்தரிக்காய்ப் பால்கறி. ஆட்டிறைச்சியில் தூளைப் பாதியாகக் குறைப்பது. பிலோமினா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சிஞ்ஞோரா போனதும், உறைப்பில்லாத கறி வைத்தார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லுவதற்கா என்று கேட்டுக்கொண்டு, இரண்டாவதாக ஒரு சட்டிக்கும் இறைச்சி வாங்கச் சொன்னாள். அது வழக்கத்தைவிட அதிக உறைப்போடு.

அந்த ஞாயிறு ஷிரோக்கோ அடித்தது. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிற சூட்டுக் காற்று. ஜன்னலைத் திறந்தால் மண், மூடினால் வேர்வை. ஃபிரிட்ஜில் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பமும் சோடாவும் நிரம்பி வழிந்தன. வைன் போத்தல்களைக் கீழே மீன்காரரிடம் வாங்கிய ஐஸில், வாளிக்குள் வைத்திருந்தார்கள். சிஞ்ஞோரா நல்ல கறுப்புச் சட்டை போட்டு, அண்ணனின் படம் வைத்த சின்ன லொக்கெட்டைக் கழுத்தில் மாட்டி வந்திருந்தார். நாலு மாடி ஏறிய மூச்சு வாங்கல் அடங்கவே நேரம் எடுத்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சிவஞானம் அண்ணர், புவனேஸ்வரி அக்கா, குகன், கூடவே சொந்தக்காரர் இரண்டு மூன்று பேர். சுவரில் மாதா படம், கீழே மின்சார மெழுகுதிரி. சிவஞானம் அண்ணர் அதைக் கும்பிடுவாரா மாட்டாரா என்று பிலோமினா பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கும்பிட்டார். அவள் மூச்சு விட்டாள். பொரித்த மீன் ரோல்ஸ் வந்தது. அவர் இரண்டு எடுத்தார். உறைப்பு நல்லாயிருக்கு என்றார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு சிஞ்ஞோரா எழுந்து போத்தலைத் திறந்தார்.

தக்கை கழன்ற அந்தச் சத்தத்துக்குச் சிவஞானம் அண்ணரின் தோள் ஒருதரம் துள்ளியதை நான் பார்த்தேன். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. சிஞ்ஞோரா அவர் முன்னால் இருந்த கிளாஸில் ஊற்றினார். மற்றவர்களுக்கும் ஊற்றினார். பழவாசனை அறை முழுக்கப் பரவியது. எனக்குப் பிடித்த வாசனை. சிவஞானம் அண்ணர் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

சிஞ்ஞோரா அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஜெசிந்தா அந்தக் குசினி மேசையில் எழுதப் படித்ததைச் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னேன். வழக்கத்தையும் சொன்னேன் — முதல் வாய் மாப்பிள்ளையின் அப்பாவுடையது.

சிவஞானம் அண்ணர் கைகளைக் கூப்பினார். தான் குடிப்பதில்லை, மன்னிக்கவேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். குடிக்க வேண்டியதில்லை, உதட்டில் படவைத்தால் போதும் என்று சிஞ்ஞோரா சிரித்தார். அதையும் மொழிபெயர்த்தேன். சிவஞானம் அண்ணர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வயிறு சரியில்லை என்றார்.

பிலோமினா கையில் சோற்றுத் தட்டோடு நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"ரோல்ஸுக்குச் சரியான வயிறு, எங்கட வைனுக்கு மட்டும் சரியில்லையோ?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையிருக்கவில்லை. குரலே போதுமாக இருந்தது.

அவளுக்கு அது வைன் இல்லை. வேதக்காரர் வீட்டில் எப்படிச் சம்பந்தம் என்ற அந்தச் சொல். பூசையில் தங்கள் சாமியார் கையில் ஏந்துகிற வைனை, இந்த மனிசன் அருவருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். சிஞ்ஞோராவுக்கும் அது வைன் இல்லை. அது அவருடைய அண்ணன். அவர் கிளாஸை உயர்த்தியபடி நின்றுகொண்டே இருந்தார். உட்காருவதாக இல்லை.

ஜெசிந்தா நிலத்தைப் பார்த்தாள். குகனின் முகம் சிவந்துபோயிருந்தது. அவன் தகப்பன் பக்கம் குனிந்தான்.

"அப்பா, ஒரு வாய்தானே. எனக்காகக் குடியுங்கோ."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிவஞானம் அண்ணரின் கை மேசைமேல் ஊர்ந்தது. கிளாஸைப் பிடித்தது. தூக்கியது. அது நடுங்கிய நடுக்கத்தில் வைன் விளிம்பைத் தொட்டுத் தொட்டு வந்தது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்து மூக்குப் பக்கம் இறங்கியது. கிளாஸ் உதட்டுக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது. அவர் மூச்சை உள்ளே இழுத்தார். கண்ணை மூடினார். அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்... பசித்த பிள்ளையின் முகம். அதில் கோபமே இல்லை.

அப்போது ஒரு கை வந்து அந்தக் கிளாஸைப் பறித்தது.

புவனேஸ்வரி அக்கா. பச்சைக் காஞ்சிபுரம், கொண்டையில் மல்லிகை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. வாழ்நாளில் கோலா குடித்தாலே மூக்கைச் சுருக்குகிற மனிசி. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, மருந்து குடிக்கிற மாதிரி, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கடைசிச் சொட்டுவரை. வெறும் கிளாஸை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வெளியே காற்று ஜன்னலை அடித்தது.

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தார். பிறகு பிலோமினாவைப் பார்த்துச் சொன்னார்:

"சம்பந்தி, சோத்தைப் போடுங்கோ. ஆறப்போகுது."

சம்பந்தி! அதுவரை யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை. பிலோமினா அப்படியே நின்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

சிஞ்ஞோரா மெதுவாக உட்கார்ந்தார். இப்படிக் குடிக்கிற வைன் இல்லையே இது என்று முணுமுணுத்தார். ஆனால் குடித்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய் குடித்தாலும் செல்லும்தான் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். வைன் எப்படியிருந்தது என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன்.

"புளிக்குது," என்றார் அக்கா.

நான் அதை மொழிபெயர்த்தேன். சிஞ்ஞோராவின் முகம் மலர்ந்துவிட்டது. மலை வைன் என்றால் புளிக்கத்தானே வேண்டும், இந்த அம்மாவுக்கு விளங்கியிருக்கிறது என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சோறு வந்தது. புவனேஸ்வரி அக்கா உறைப்புச் சட்டியிலிருந்துதான் கறி எடுத்தார். வைன் குடித்த வாயில் அந்தக் கறி. கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கத் துடைக்க வந்தது. உறைப்பு, உறைப்பு என்று எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிவஞானம் அண்ணர் மட்டும் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு கிளாஸ் குடித்தோம். மிளகு பூசிய சூரையோடு அது என்ன பொருத்தமாக இருந்தது தெரியுமா? சொன்னால் கோபிப்பீர்கள்.

சாப்பாடு முடிந்து, அக்காவுக்குத் தலை சுற்றுகிறது என்று பல்கனிக்குக் கூட்டிப்போனேன். சூட்டுக் காற்றில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னம் இரண்டும் சூடாக இருந்தது. ஏன் அக்கா இந்த வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். வைனின் தயவில்தானோ என்னவோ, சொல்லிவிட்டார்.

சிவஞானம் அண்ணர் முதலில் போனது ஜெர்மனிக்கு. தனியாக. அகதி முகாம், குளிர், வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுக்க என்ன செய்வது? குடித்தார். முதலில் பின்னேரத்தில், பிறகு மத்தியானத்தில், பிறகு கண் விழித்ததும். ஊரில் இருந்த அக்காவுக்கு யாரோ தகவல் சொல்ல, மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டு எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டபோது, இவர்தான் உன் புருசன் என்று ஒருவர் காட்டவேண்டியிருந்ததாம். அங்கிருந்து தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரைத் தேடித்தான் பலெர்மோவுக்கு வந்தார்கள். குகனை அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"ஒரு சொட்டு வாயில பட்டாலும் திரும்பவும் அங்கைதான் போய் நிப்பார் எண்டு டொக்டர் சொன்னவர், பிள்ளை. மகனுக்கு அப்பா எண்டால் சாமி. அவன் அறியக்கூடாது. நீ ஒருத்தரிட்டையும் மூச்சு விடாதை."

நான் மூச்சு விடவில்லை.

ஆனால் ஊர் மூச்சு விட்டது. அந்தச் சாப்பாட்டில் இருந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் இந்தக் கதையைச் சொன்னார்கள். சம்பந்தியம்மா ஒரே மூச்சில் குடித்தாவாம்! சிரிப்பாகத்தான் தொடங்கியது. இரண்டாவது வாயில், அவவுக்குப் பழக்கம் இருக்குப்போல என்று ஆனது. மூன்றாவது வாயில், அந்தப் புனிதரான மனிசனுக்கு இப்படி ஒரு பெண்சாதியா என்று ஆனது. கல்யாணம் சிறப்பாக நடந்தது. கோயிலிலும் நடந்தது, சேர்ச்சிலும் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு மடப்பள்ளிக்குப் புவனேஸ்வரி அக்காவைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் வராதே என்று சொல்லவில்லை. வேறு யாரோ வந்து பொங்கல் வைத்தார்கள்... அவ்வளவுதான். 'வைன் அக்கா' என்று பின்னால் ஒரு பெயரும் வந்தது.

அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர் மேல் இல்லை — சிவஞானம் அண்ணர் மேல். மனிசன் எப்படி வாயை மூடிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்? ஒருதரம் அக்காவிடம் கேட்டேவிட்டேன். அவர் இரண்டுமுறை சொல்ல எழும்பினவர், நான்தான் கையைப் பிடித்து இருத்தினேன் என்றார்.

போன மாதம் ஜெசிந்தாவின் குழந்தைக்கு, பிறந்த தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவு. பெண் குழந்தை. குகனின் வீட்டில் சொந்தம் சுற்றம் எல்லாம் கூடியிருந்தது. ஒருவர் தட்டில் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து நீட்டினார். கோயில் குழுவில் பெரிய ஆளான ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தார். புவனா அக்காவுக்கு இது காணாது, உள்ளே ஏதும் சிவப்பாக இருந்தால் பாருங்கோ என்றார். சிலர் சிரித்தார்கள்.

குகன் வாசலில் நின்றான். அவன் சிரிக்கவில்லை. நேரே தாயிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"அம்மா, அண்டைக்கு நீங்கள் செய்த வேலையாலைதான் இண்டைக்கும் நான் தலைகுனிஞ்சு நிக்கிறன்."

அக்கா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பொத்தானைத் திரும்பவும் போடத் தொடங்கினார்.

சிவஞானம் அண்ணர் எழும்பினார். இந்தமுறை அக்காவுக்கு அவருடைய கை எட்டவில்லை. அறை நடுவில் வந்து நின்றார். குரல் பெரிதாக இல்லை. ஆனால் அடுத்த அறையில் இருந்தவர்களும் கதையை நிறுத்திவிட்டார்கள்.

"குடிகாரன் நான். அவ இல்லை."

பிறகு சொன்னார். முகாமைச் சொன்னார். ஆஸ்பத்திரியைச் சொன்னார். அன்றைக்கு அந்தக் கிளாஸைத் தூக்கியபோது, மகன் கேட்டதற்காகத் தூக்கவில்லை, குடிக்க ஆசைப்பட்டுத்தான் தூக்கினேன் என்று சொன்னார். அவ பறித்திராவிட்டால் இந்தக் குழந்தையின் முகம் பார்க்க நான் இருந்திருக்கமாட்டேன் என்றார். முடித்துவிட்டு, கை கழுவப்போகிறவர் மாதிரிக் குசினிப் பக்கம் நடந்தார். யாரோ வழிவிட்டார்கள்.

அந்தப் பெண்மணி எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். குகன் நின்ற இடத்திலேயே நின்றான். ஜெசிந்தா போய் அவன் முதுகில் கை வைத்தாள். அவன் தகப்பனுக்குப் பின்னால் குசினிக்குள் போனான். கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்து இரண்டுபேரும் வெளியே வந்தார்கள். இருவர் முகமும் கழுவியிருந்தது. குகன் தாய்க்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, அவருடைய மடியில் இருந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் யார் யாரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள்? சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்டான்.

விஷயம் சிஞ்ஞோரா ஹில்டேயின் காதுக்கும் போனது. பிலோமினா அழுதுகொண்டே போய்ச் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவர் என்னையும் கூட்டிக்கொண்டு புவனேஸ்வரி அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் போத்தல் இல்லை. தங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பாதித் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இந்த வியாதி இருந்தது என்றார். தன் தகப்பனுக்கும் இருந்ததாம். அதை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், அந்த நடுக்கத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வியை மொழிபெயர்க்கச் சொன்னார். அவ்வளவையும் ஏன் குடித்தீர்கள்? கை தவறியது போல் கிளாஸைத் தட்டிவிட்டிருக்கலாமே?

அக்கா யோசிக்கவே இல்லை.

"தட்டிவிட்டிருந்தால் இன்னொரு கிளாஸ் ஊத்தியிருப்பினம். பறிச்சுக் கீழை வைச்சிருந்தால் சம்பந்தம் போயிருக்கும். பறிக்காமல் விட்டிருந்தால் மனிசன் போயிருப்பார். குடிச்சதுதான் லேசு."

நான் மொழிபெயர்த்து முடிக்க முதலே சிஞ்ஞோரா எழுந்து அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டார். அந்த நெடிய மலைக்காரியின் கைக்குள் அக்கா சின்னப்பிள்ளை மாதிரித் தெரிந்தார்.

போன வெள்ளிக்கிழமை மடப்பள்ளியில் பொங்கல் வைத்தது யார் என்று கேட்கிறீர்களா? ஓம், அவதான். அடிப்பிடிக்காமல் இறக்கினார்.

உங்களில் யாருக்காவது அந்தக் குளிர் மலையின் மெல்லிய சிவப்பு வைன் கிடைத்தால், கொஞ்சம் குளிர வைத்து, மிளகு பூசிப் பொரித்த சூரையோடு குடித்துப் பாருங்கள். காளான் பிரட்டலும் நல்லது. ஆட்டிறைச்சியென்றால் தூளைக் குறையுங்கள்.

ஆனால் மேசையில் ஒருவர் "எனக்கு வேண்டாம்" என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். தண்ணீரை ஊற்றுங்கள்.